எந்தத் தோட்டா என்று கேட்டாயே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அவ்விடம் நலமறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். நான்கு மாதங்களாக உன்னிடமிருந்து ஒரு வரியும் வராத நிலையில் எனக்கு அது வெறும் வழக்கமாக இல்லை. போன வாரம் வந்த வரியும் நலம் விசாரிக்க வந்ததன்று. "மான் வேட்டைக்கு .308-ஐ விட 7எம்எம்-08 நல்லதா? ரைஃபிளை மாற்றலாமா என்று பார்க்கிறேன்" என்பதோடு முடித்துவிட்டாய். அம்மாவின் முழங்காலைப் பற்றி அவளே எழுதுவாள். தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான்; நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்பது இருக்கட்டும், நீ கேட்டதற்கு முதலில் பதில் எழுதிவிடுகிறேன்.

இந்த இரண்டு தோட்டாக்களும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்பது உனக்குத் தெரியாததன்று. .308 வின்செஸ்டர் 1952இல் வந்தது. மருந்தையும் குண்டையும் தாங்கும் அதன் பித்தளை உறையின் கழுத்தை ஒடுக்கி 1955இல் .243 தோட்டா வந்தது. அதே உறையில் 7 மில்லிமீட்டர் குண்டைப் பொருத்தி 1980இல் ரெமிங்டன் நிறுவனம் வெளியிட்டதுதான் 7எம்எம்-08. பெயரின் கடைசியில் இருக்கும் 08 அந்த .308-ஐத்தான் குறிக்கிறது. பத்து வயதில் நீ என் வேலை மேசைக்கு எதிரே முக்காலியில் ஏறி நின்று, வரிசையாக நிறுத்திவைத்த மூன்று வெற்றுறைகளையும் கழுத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொன்னாய். உன் பெரியப்பா அசந்துபோனார். அப்படிப்பட்டவள் இன்றைக்கு இரண்டில் எது நல்லது என்று என்னைக் கேட்டால், கேள்வி தோட்டாவைப் பற்றியதுதானா என்று எனக்குத் தோன்றாமல் இருக்குமா?

சரி, கணக்குக்கு வருகிறேன். .308-இன் குண்டு 7.82 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. மற்றதன் குண்டு 7.21. இடையிலுள்ள வேறுபாடு விரல் நகத்தின் கனம். தொழிற்சாலைத் தோட்டாக்களில் .308-இன் 150 கிரெயின் எடையுள்ள குண்டு குழலை விட்டு ஏறத்தாழ விநாடிக்கு 2,820 அடி வேகத்தில் கிளம்புகிறது. 7எம்எம்-08-இன் 140 கிரெயின் குண்டு 2,800 அடி வேகத்தில் கிளம்புகிறது. அந்தப் பத்து கிரெயின் ஒரு கிராம்கூட இல்லை. இதில் எதை மானுக்குத் தெரிகிற வேறுபாடு என்று சொல்வது?

நுணுக்கமாகப் பார்த்தால் 7எம்எம்-08 பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கமாட்டேன். குண்டின் எடையை அதன் விட்டத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் குறுக்கு அடர்த்தி அதன் 140 கிரெயின் குண்டுக்கு 0.248; .308-இன் 150 கிரெயின் குண்டுக்கு 0.226தான். ஒல்லியாகவும் நீளமாகவும் இருக்கிற குண்டு காற்றை எளிதாகக் கிழித்துச் செல்லும், உடலுக்குள்ளும் சற்று ஆழமாகப் போகும். ஆனால் .308-இல் 165 கிரெயின் குண்டை எடுத்துக்கொண்டால் அதற்கும் அதே 0.248 வந்துவிடுகிறது. இரண்டையும் 200 மீட்டரில் குறிவைத்த இடத்திலேயே படும்படி குறி சேர்த்து வைத்துவிட்டு 300 மீட்டரில் சுட்டால், விழும் இடத்தில் வரும் வேறுபாடு இரண்டு விரல் அகலத்துக்குள் அடங்கிவிடும். மானின் நெஞ்சாங்கூட்டில் நாம் குறிவைக்கும் இடமோ ஒரு சாண் அகலம். நீயோ நானோ 150 மீட்டருக்கு அப்பால் ஒரு மானையும் சுட்டதில்லை.

.308 எங்கும் கிடைக்கும். பெட்டியில் இருப்பது தீர்ந்துபோனால் இன்னொரு பெட்டிக்கு அலைய வேண்டியதில்லை. மற்றது எல்லாக் கடைகளிலும் இருக்காது. செப்புக் குண்டு வேண்டுமென்றாலும் இரண்டுக்கும் கிடைக்கிறது. செப்பு ஈயத்தைவிட இலேசானது என்பதால் ஓர் அளவு எடை குறைந்த குண்டாகப் பார்த்து வாங்கிக்கொள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நீ 7எம்எம்-08-க்கு மாறி, தம்பி .308-ஐயே வைத்துக்கொண்டிருந்தால், இருவருடைய தோட்டாக்களையும் ஒரே மேசையில் பிரித்துவைக்காதே. ஒரே பையில் போடாதே. ஒல்லிக் கழுத்துத் தோட்டா, பெரிய கழுத்துத் தோட்டாவுக்கான ரைஃபிளின் அறைக்குள் போய்விடக்கூடும். குண்டு குழலைப் பிடிக்காமல் தத்திக்கொண்டு போகும், உறை பிளக்கும், முகத்துக்கு மிக அருகில் நடக்கிற காரியம் இது. உறையின் அடியில் பொறித்திருக்கும் எழுத்தைப் படிக்காமல் எதையும் அறைக்குள் தள்ளாதே.

அடுத்தது உதை. 7எம்எம்-08 தோளுக்கு இதமானது என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டுத்தான் நீயும் மாற நினைக்கிறாய் என்று ஊகிக்கிறேன். நானும் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 8 பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் .308 ஏறத்தாழ 16 அடி-பவுண்டு ஆற்றலோடு உதைக்கிறது. 7எம்எம்-08 ஏறத்தாழ 14. வேறுபாடு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதே .308-ஐ 9 பவுண்டு ரைஃபிளில் வைத்துச் சுட்டால் அதுவும் 14-க்கு இறங்கிவிடுகிறது. உன்னுடையதோ ஆறரைப் பவுண்டு. அதில் அந்தத் தோட்டா 20-ஐ நெருங்கிவிடும். மேட்டில் ஏறத் தோதாக இருக்கும் என்று இலேசானதைத் தேடிப் பிடித்து வாங்கினாய், வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. தோட்டாவை மாற்றுவதற்கு முன் எடையைக் கூட்டிப் பார். பின்கட்டையில் ஒரு நல்ல ரப்பர் மெத்தையைப் பொருத்திப் பார்.

இவ்வளவையும் எழுதிய பிறகும் எழுத வேண்டியதை எழுதவில்லை என்பது எனக்கே தெரிகிறது. தம்பி சொல்லிவிட்டான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே, நானாகக் கேட்டுக் கேட்டு வாங்கியது. 120 மீட்டரில் பக்கவாட்டாக நின்ற மான், சுட்டவுடன் முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல மரங்களுக்குள் நடந்தது என்றான். நின்ற இடத்தில் கருஞ்சிவப்பாகக் கொஞ்சம் இரத்தமும் அதில் பச்சையாக ஏதோ கலந்தும் இருந்தது என்றான். நெஞ்சில் பட்டிருந்தால் நுரையோடு வெளிர்சிவப்பாக இருந்திருக்கும். மானும் துள்ளி ஓடியிருக்கும். இது வயிற்றில் பட்டது. வயிற்றில் பட்ட மானுக்கு .308-ம் ஒன்றுதான், 7எம்எம்-08-ம் ஒன்றுதான், அதைவிடப் பெரியதும் ஒன்றுதான். இரண்டு பகலும் ஓர் இரவும் தேடினாயாமே. கடைசியில் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தானாமே. அதன் பிறகு நீ யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை என்றான்.

அவன் இன்னொன்றும் சொன்னான். குறி பழகும் இடத்தில் நீ விசையை அழுத்துவதற்கு முன்பே கண்ணை மூடிவிடுகிறாய் என்றான். அது எனக்குப் புதிய செய்தி இல்லை. உனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே அது எனக்குத் தெரியும்.

உன் வலப்புருவத்தின் மேல் பிறைபோல் இருக்கிற தழும்பைப் பற்றி நம் வீட்டில் எல்லோரும் வேடிக்கையாகவே பேசியிருக்கிறோம். நான்தான் அதைத் தொடங்கிவைத்தேன். அன்றைக்கு உன் கையில் நான் கொடுத்தது என்னுடைய .30-06, 180 கிரெயின் குண்டு, ஒரே எடையுள்ள ரைஃபிளில் .308-ஐ விடக் கால் பங்குக்கு மேல் அதிகமாக உதைக்கும் சாமான் அது. பின்கட்டை உன் கைக்கு நீளம் என்பதால், எட்டாமல் முகத்தை முன்னே தள்ளி, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்போடு ஒட்டவைத்துக்கொண்டாய். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி வேண்டும் என்று உனக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொல்லவில்லை, உன் பெரியப்பாவோடு பேசிக்கொண்டிருந்தேன். வெடித்ததும் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தை வெட்டி இரத்தம் கன்னத்தில் இறங்கியது. நீ அழவில்லை, என்னைப் பார்த்தாய். நான் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு தோட்டாவைப் போட்டு, சுடு, பயம் போய்விடும் என்றேன். நீ சுட்டாய். அப்போது நான் குழலின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெடிப்பதற்கு முன்பே அது கீழே சாய்ந்ததைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த .30-06 ஏன் நம் வீட்டுக்கு வந்தது என்பதும் உனக்குத் தெரிந்த கதைதான், என்னிடம் முன்பு .243 இருந்தது, அதை நான் குருவிக் குண்டு என்று பழித்து விற்றேன், மான் என்றால் இப்படிப்பட்ட தோட்டா வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு இதை வாங்கினேன் என்பது. உண்மையில் அந்தக் குருவிக் குண்டுக்கு ஒரு குறையும் இல்லை. அதன் 100 கிரெயின் குண்டால் எத்தனையோ பேர் நின்ற இடத்திலேயே மானை வீழ்த்தியிருக்கிறார்கள். மாலை மங்கும் நேரத்தில் அவசரப்பட்டு விசையை இழுத்தவன் நான். தோளுக்கு ஒரு சாண் பின்னால் பட்டது. அப்படிப்பட்ட மானைப் பல மணி நேரம் விட்டுவைத்த பிறகுதான் பின்தொடர வேண்டும் என்று தெரிந்திருந்தும், கால் மணி நேரத்தில் பின்னாலேயே போய் அதை எழுப்பி விரட்டிவிட்டேன். இருட்டியதும் திரும்பிவிட்டேன். குறி தப்பிவிட்டது என்று உன் பாட்டியிடம் சொன்னேன்; தோட்டா சரியில்லை என்று நண்பர்களிடம் சொன்னேன். நீ இரண்டு பகல் தேடினாய். நான் இரண்டு மணி நேரம்கூடத் தேடவில்லை.

அந்தப் பொய்யை மெய்யாக்கத்தான் பெரிய தோட்டாவை வாங்கினேன். அதைத்தான் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்தேன். இப்போது நீ தோட்டாவைக் குறை சொல்லிச் சின்னதற்கு இறங்கப் பார்க்கிறாய், நான் அன்று குறை சொல்லிப் பெரியதற்கு ஏறினேன். உன் கண் மூடிக்கொள்வது உன் குற்றமன்று. அதை உனக்குப் பழக்கியவன் நான்.

ஆகவே இதைச் செய். தம்பியிடம் சொல்லி, உண்மைத் தோட்டாக்களோடு வெடிக்காத போலித் தோட்டாக்களையும் கலந்து அவனையே நிரப்பித் தரச் சொல். அடுத்தது எது என்பது உனக்குத் தெரியக்கூடாது. போலி வரும்போது குழலின் முனை அசைகிறதா என்று அவன் பார்க்கட்டும். ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். தோள் வலிக்கத் தொடங்கினால் நிறுத்திவிடு. இலேசான மருந்து போட்ட தோட்டாக்களிலிருந்து தொடங்கு. காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு வைத்துக்கொள். பாதி அதிர்ச்சி சத்தத்தால் வருவது. முனை அசையாமல் நிற்கும் நாள் வரை மானைப் பார்க்கப் போகாதே. எடையைக் கூட்டிப் பார் என்று முன்பே எழுதினேன், மறுபடியும் எழுதுகிறேன். அதற்குப் பிறகும் 7எம்எம்-08தான் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக மாறிக்கொள், நல்ல தோட்டா, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இரண்டு பெட்டிகளையும் ஒரே மேசையில் வைக்காதே.

இத்தோடு ஆறு போலித் தோட்டாக்கள் அனுப்பியிருக்கிறேன். .308-க்கு உரியவை, சிவப்பு நிறம், எடுத்துப் பார்த்தாலே தெரியும். ரைஃபிளை மாற்றிவிட்டால் அவை உனக்கு உதவா. மாற்றிவிட்டேன் என்று ஒரு வரி எழுது, மற்றதற்கு வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா

இந்தக் கடிதத்தை அம்மா படிக்கவில்லை. .243 பற்றி எழுதியிருப்பதை அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.