ஆறு சதுர அட்டை வீட்டுக்கு வருகிறது: பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

காரைக்குடி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அடுத்த வாரம் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பையில் சார்ட் அட்டையில் வெட்டிய சில வடிவங்கள் வரும். ஆறு சதுரங்களை விளிம்போடு விளிம்பு சேர்த்தால் 35 வடிவங்கள் கிடைக்கும். அவற்றுள் 11 மட்டுமே மடித்தால் கனச்சதுரப் பெட்டியாகும். அவை எவை என்பதைப் பிள்ளைகள் மடிக்காமல், மனத்துக்குள்ளேயே கண்டுபிடிக்க வேண்டும்.

சென்ற வாரம் ஏழாம் வகுப்பில் இதைச் செய்யும்போது உடனிருந்தேன். ஒரு மாணவி முதல் அட்டையைத் தொடாமல், இரு உள்ளங்கைகளையும் கதவு சாத்துவதுபோல் காற்றில் மடக்கி மடக்கிப் பார்த்தாள். நாலைந்து அட்டைகள் தாண்டியதும் கைகள் அடங்கின. சிலுவை வடிவ அட்டையின் நடுச் சதுரத்தைத் தொட்டு, வீட்டின் நடு முற்றத்தைச் சொல்வதுபோல், “இது வளவு டீச்சர், சுத்தி நாலும் சுவரு, வால்ல இருக்கறது கூரை” என்றாள். அதுவரை தனித்தனியாகத் திருப்பிக்கொண்டிருந்த ஆறு துண்டுகளும் அவள் மனத்தில் ஒரே வீடாகிவிட்டன.

அடுத்து வந்தது, இரண்டிரண்டு சதுரமாக ஏறிச்செல்லும் படிக்கட்டு வடிவம். அதில் நாலு பக்கமும் சூழப்பட்ட நடுச் சதுரமே கிடையாது. வளவைத் தேடிக் காணாமல், “இது பெட்டி ஆகாது” என்று ஒதுக்கிவிட்டாள். மடித்துக் காட்டிவிட என் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். கால்மணி நேரம் கழித்து அதே அட்டையை மறுபடி எடுத்து, கீழ்ப்படியிலிருந்து எண் எழுதி, விரலால் படியேறி, ஒன்றுக்கு எதிரே நாலு, இரண்டுக்கு எதிரே ஐந்து, மூன்றுக்கு எதிரே ஆறு என்று தானே சொன்னாள். பிள்ளை தூங்கிய பிறகு நீங்கள் மடித்துப் பாருங்கள்; சரியாகவே இருக்கும்.

அந்தக் கால்மணி நேரம் பார்ப்பவர்களுக்கு வீணாகத் தெரியும். ஆனால், முந்தைய அட்டைக்குக் கைகொடுத்த மனப்படமே இந்த அட்டைக்குத் தடையாகி, அது கலைந்து வேறொன்று உருவானது அப்போதுதான். நடுவே நாம் மடித்துக் காட்டினால் விடை கிடைக்கும், மனப்படம் மாறாது.

பதில் சொல்லத் தாமதிக்கும் பிள்ளையை மந்தம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். உளவியல் ஆய்வாளர்களான ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் 1971ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், திருப்பி வரையப்பட்ட இரு உருவங்கள் ஒன்றுதானா என்று சொல்லப் பெரியவர்களுக்கே, திருப்பிய கோணம் கூடக்கூட அதே கணக்கில் நேரமும் கூடியது. மனத்துக்குள் ஒன்றைத் திருப்புவதற்கும் நேரம் வேண்டும். கைகளை ஆட்டினாலும் தடுக்க வேண்டாம். மனத்தால் தாங்க முடியாத பளுவைக் கை சற்று வாங்கிக்கொள்கிறது.

பேச வேண்டுமென்றால், “எதைத் தரையாக வைத்துக்கொண்டாய்?” என்று மட்டும் கேளுங்கள். ஆயாவோ அப்பத்தாவோ வாசலில் சிக்குக்கோலம் போடும் வீடுகளில், பிள்ளையை எதிர்ப்பக்கம் நிறுத்திப் பார்க்கச் சொல்லி, பிறகு நோட்டில், கோலம் போட்டவர் பக்கமிருந்து தெரிவதுபோல் வரையச் சொல்லலாம். முதலில் கம்பி கம்பியாகத் தொடரும் பிள்ளை, சில நாளில் கால்பாகக் கோலத்தை ஒரே துண்டாகப் பிடித்துத் திருப்பத் தொடங்குவதை நீங்களே காண்பீர்கள்.

அட்டைகளைத் திங்கட்கிழமை திருப்பி அனுப்புங்கள். அட்டையில் பிள்ளைகள் தவறாகப் போட்ட குறிகளை அழிக்காமல் அப்படியே விடுங்கள். அவற்றைப் பார்த்துத்தான் அந்த வார வகுப்பைத் திட்டமிடப் போகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்