பிறத்தியார் உடுத்த உடுப்பைப் பற்றி அம்மாவுக்கு

ஒஸ்லோ, நோர்வே

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்துப் பத்து நாட்களாகின்றன. தைப்பொங்கலுக்குப் பிறகு நான் ஒன்றும் எழுதாமல் இருந்தது பிழைதான், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால், "பிறத்தியார் கழித்த உடுப்பையா உடுக்கிறாய், அங்கே உனக்கு என்ன கஷ்டம்?" என்று நீங்கள் கேட்டிருப்பது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சின்னம்மாவின் மகள்தான் சொல்லியிருப்பாள். காசில்லாமல் நான் அப்படிச் செய்யவில்லை. பின்னேர வேலை இப்போது இல்லாததால் தைப்பதற்கும் பின்னுவதற்கும் நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

வந்த புதிதில் மலிவு விற்பனைக் கடைகளில் கிழமைக்கொரு சட்டை வாங்கினேன். நாலு தரம் தோய்த்ததும் அவை முறுகித் தையல் விட்டுப்போகும். எறிந்துவிட்டு அடுத்ததை வாங்குவேன். பிறகு ஒருநாள், இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பினர் நடத்தும் ஃபிரெடெக்ஸ் என்ற பழைய உடுப்புக் கடையில் ஒரு மேற்சட்டையை எடுத்துப் பார்த்தபோது, அதன் கழுத்தில் 'இலங்கையில் தயாரிக்கப்பட்டது' என்றிருந்தது. கிளிநொச்சித் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கழுத்துப்பட்டி மட்டுமே தைப்பதாகத் தங்கச்சி சொன்னது நினைவுக்கு வர, அந்தத் தையலைத் தடவியபடி நெடுநேரம் நின்றேன். 2013 ஏப்ரல் 24ஆம் திகதி பங்களாதேஷின் சாவாரில் உடுப்புத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, சுவர் வெடித்திருப்பதை முதல்நாளே கண்டும் வேலைக்கு வரச்சொல்லப்பட்ட அவர்களும் தங்கச்சியைப் போலச் சம்பளத்தை எதிர்பார்த்து மெஷினுக்கு முன்னால் இருந்த பிள்ளைகள்தாம். ஒரு பருத்தி ரீசேட்டுக்குப் பஞ்சு விளைவிப்பதிலிருந்து ஏறத்தாழ 2,700 லீற்றர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மிளகாய்க் கன்றுகளுக்கு வாளி வாளியாக அள்ளி ஊற்றிய நாம் அதை எறியலாமா?

எல்லோரும் என்னைப் போல வாங்காமல் விட்டால் தங்கச்சியின் வேலை என்னாகும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதை யோசிக்காமல் இல்லை. ஒரு சட்டை பத்து வருடம் உழைக்க வேண்டும், அதற்கேற்ற விலையை வாங்குபவர் கொடுக்க வேண்டும், அந்த விலையில் தைத்தவளுக்கு உரிய பங்கு போய்ச் சேர வேண்டும் என்பதே என் விருப்பம்.

இங்கே பனி முழங்கால் வரை கிடக்கிறது. கூடாத காலநிலை என்று ஒன்றில்லை, கூடாத உடுப்புத்தான் உண்டு என்பார் கீழ்வீட்டு ஆச்சி. அவர் பழைய கம்பளிச் சட்டைகளை வாங்கிவந்து பிரித்து, நூலைக் கழுவி, சுருக்கம் போகப் பாரம் கட்டித் தொங்கவிட்டு, மறுபடி பின்னுகிறார். செல்பு என்ற ஊரின் எட்டிதழ்ப் பூவைக் கையுறையில் பின்ன எனக்கும் பழக்கினார். அது நம் முற்றத்துக் கோலத்தைப் போலவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் அவரோடுதான் இருப்பேன்.

அம்மா, இதையெல்லாம் எனக்கு முதலில் பழக்கியவர் நீங்கள். 2009இல் போருக்குள் மாத்தளனில் பதுங்குகுழிக்கு மண்மூட்டை வேண்டுமென்று கூறைச் சேலையை வெட்டித் தைத்தீர்கள். செட்டிகுளம் முகாமில் யாரோ அனுப்பிய மூட்டையில் கிடந்த பெரிய சட்டையொன்றை, இரவல் ஊசியால் ஒரே இரவில் என் அளவுக்குச் சுருக்கித் தந்தீர்கள். அன்று அதைப் பிறத்தியார் சட்டை என்று நீங்கள் சொல்லவில்லை. அப்பாவின் சாறத்தில் தைத்த தலையணை உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைத் தோய்க்க மனம் வருவதில்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நீங்கள் எல்லோரும் வண்டி கட்டும்போது நான் இங்கே இருப்பேன் என்பதை நினைத்தால் எழுத முடியவில்லை.

அக்காவின் மகளின் சாமத்தியச் சடங்குக்கு இங்கிருந்து உடுப்புப் பெட்டி அனுப்பவில்லை. அங்கேயே நல்ல கைத்தறிச் சேலை ஒன்று எடுங்கள். சட்டையை நீங்களே தைத்துவிடுங்கள். அதற்கான காசு இம்முறை சற்றுப் பிந்தும், பங்குனி முடிவுக்குள் அனுப்பிவிடுவேன் என்று அக்காவிடம் சொல்லுங்கள். காணி உறுதி விடயமாகப் பிரதேச செயலகத்துக்குப் போகும்போது மாமாவையும் கூட்டிச் செல்லுங்கள், தனியே போகவேண்டாம். தையல் மெஷினின் வார் அறுந்துவிட்டதென்று எழுதியிருந்தீர்கள். புது வார் போட்டுக்கொள்ளுங்கள். மெஷினை மட்டும் யார் கேட்டாலும் விற்கவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்