112-ஆம் பக்கம்

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். சித்தி வந்து போனாள். அண்ணன் விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

படிக்கிற புத்தகங்களைக் குறித்துவைக்கும் குட்ரீட்ஸ் தளத்தில், உன் 'படித்துக்கொண்டிருப்பவை' அலமாரியில் அந்த ஒரே புத்தகம் நாலு மாதமாக 112-ஆம் பக்கத்தில் நிற்கிறது. வேலை இருக்கும், தெரியும். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. பக்க எண்ணை மட்டும் போடுகிற உன் பழக்கத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பக்க எண் நண்பர்களுக்கு எதையும் சொல்லாது. உன் பதிப்பு 420 பக்கம், அவர்கள் கையில் இருப்பது 300 பக்கம் என்றால் உன் 112 அவர்களுக்கு 80. கிண்டிலில் எழுத்தின் அளவை மாற்றினாலே ஒரு திரையில் தெரிவது மாறிவிடும். சதவீதமும் ஏமாற்றும். கட்டுரை நூல்களில் பின்குறிப்பும் சொல்லடைவும் கடைசி 20, 25 சதவீதத்தைத் தின்றுவிடும். நீ நூலை முடித்து மூடியிருப்பாய், பட்டியல் 76 என்று காட்டிக்கொண்டிருக்கும். அத்தியாயத்தைச் சொல், போதும்.

புதுப் புத்தகத்தை எடுத்த அன்றே அறிவிக்காதே. 30, 40 பக்கம் போகட்டும். முதல் நாளே சொல்லிவிட்டால், பிடிக்காமல் போனாலும் கீழே வைக்கக் கூச்சமாக இருக்கும். அப்புறம் அதையும் படிப்பதில்லை, வேறொன்றையும் எடுப்பதில்லை. சொல்லும்போது தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயர், ஏன் எடுத்தாய் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் நண்பர்கள் பதில் எழுதுவார்கள். "அருமை", "பிடித்தது" என்றால் கட்டைவிரல் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "இந்தக் கிழவர் பொய் சொல்கிறாரோ என்று 6-ஆம் அத்தியாயத்திலிருந்து சந்தேகம்" என்று எழுதிப் பார், படித்தவன் சும்மா இருக்கமாட்டான். அத்தியாய எண்ணை முதலிலேயே போட்டுவிடு, அதுவரை வராதவர்கள் மேலே படிக்காமல் நிறுத்திக்கொள்வார்கள்.

அட்டையைப் படமெடுத்தால் பளபளப்பில் பாதி தெரியாது. தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் பதிப்பு விவரம் இருக்கிற பக்கத்தை எடு. புத்தகத்தின் அடையாள எண்ணான 13 இலக்க ஐஎஸ்பிஎன் அங்கேயே இருக்கும், தேடுகிறவருக்கு அதே பதிப்பு கிடைக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே நீல நோட்டில் மொழிபெயர்ப்பாளர் பெயரைத் தனிப் பத்தியில் எழுதியவள் நீ. உனக்குப் போய் இதைச் சொல்கிறேன்.

பாதியில் விட்ட புத்தகத்துக்குக் குட்ரீட்ஸில் தனி அலமாரி ஒன்று வைத்துக்கொள். அமைக்கும்போது அதைத் தனித்த அலமாரி என்று குறிக்க வேண்டும், இல்லையென்றால் புத்தகம் இதிலும் பழைய அலமாரியிலும் கிடக்கும். விடுவதில் தப்பே இல்லை. நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அந்த வாசகர் நீயாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. 112-இல் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு. பிடித்திருந்தால் அத்தியாயத்தைச் சொல். எண்ணை மட்டும் போடாதே.

திரும்பத் திரும்ப இதையே எழுதுகிறேன். ஏன் என்று உனக்குத் தெரியும். போன வருஷம் நீ ஒரு துப்பறியும் கதையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, உன் நண்பர்கள் எல்லோரும் பார்க்க, "இதற்கா இவ்வளவு படிக்க வைத்தேன்" என்று நான் எழுதினேன். வேடிக்கை என்று நினைத்துக்கொண்டேன். நேற்று உட்கார்ந்து தேதிகளைப் பார்த்தேன். அதற்கப்புறம் நீ எந்தப் புத்தகத்துக்குக் கீழேயும் ஒரு வரி எழுதவில்லை. எண் மட்டும்தான்.

அந்த வரியை எடுத்துவிட்டேன். எடுத்ததால் நீ அதைப் படிக்கவில்லை என்று ஆகிவிடாது.

புத்தகத்தைப் பற்றி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் 24 மணி நேரத்தில் தானாகப் போய்விடும். அதன் தனியுரிமைப் பகுதியில் 'இவர்களைத் தவிர' என்று ஒன்று இருக்கிறது. அதில் என் பெயரைச் சேர்த்துக்கொள். சேர்த்திருக்கிறாயா என்று எனக்குத் தெரியவராது, நானும் கேட்கமாட்டேன்.

அப்பா