கட்டாயத்தில் போன சிப்பாய்

அன்புள்ள ராமநாதா,

உன் கடிதம் வந்தது. பேரனுக்குத் தேசிய சேவைக்கு, அந்தக் கட்டாய ராணுவப் பணிக்கு, அழைப்பு வந்துவிட்டதையும், உன் மருமகள் சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்திருப்பதையும் படித்தேன். அவளிடம் சொல்: 1967-லிருந்து சிங்கப்பூரில் வீட்டுக்கு வீடு நடப்பதுதான் இது. உன் மகனே தெக்கோங் தீவுப் பயிற்சி முகாமில் மொட்டையடித்துக்கொண்டு நின்றவன்தானே? ரெண்டு வருஷம் ஓடிவிடும். பையன் காலையில் தானாக எழுந்திருக்கப் பழகினால் அதுவே லாபம்.

ஆனால் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். இஷ்டமில்லாதவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து நிஜப் போரில் நிறுத்தினால் அவன் என்னதான் செய்வான் என்று. எனக்கு உடனே ஹாரி பேட்ச் ஞாபகம் வந்தார், முதல் உலகப்போருக்குக் கட்டாயத்தில் போன இங்கிலாந்துச் சிப்பாய். மகள் வீட்டிலிருந்து பெல்ஜியத்தில் ஈப்ர பக்கம் போனபோது அவர் வைத்த நினைவுக்கல்லைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இங்கிலாந்தில் பாத் நகரத்துக்குப் பக்கத்தில் கோம்ப் டவுன் என்ற ஊர். அங்கே 1898-இல் பிறந்தவர். பிளம்பர் வேலை பழகிக்கொண்டிருந்த பையன். அண்ணன் ஏற்கெனவே பட்டாளத்தில் இருந்து, மோன்ஸ் சண்டையில் காயம்பட்டு வந்தவன். பதுங்குகுழி வாழ்க்கை எப்படியிருக்கும் என்று அவன் சொல்லிக் கேட்டபிறகு தம்பிக்குப் போக எள்ளளவும் ஆசையில்லை. ஆசையை யார் கேட்டார்கள்? 1916-இல் கட்டாய ராணுவச் சட்டம் வந்தாயிற்று. 18 வயது நிரம்பியதும் அந்த அக்டோபரில் பிடித்துக்கொண்டார்கள். மறு வருஷம் ஜூனில், 19 வயது முடிந்த பிறந்தநாள் அன்று, அவர் முன்வரிசைக் குழியில் இருந்தார்.

டியூக் ஆஃப் கார்ன்வால் காலாட்படையின் 7-ஆம் பட்டாலியன். லூயிஸ் எந்திரத் துப்பாக்கிக் குழுவில் ஐந்து பேர். பேட்ச் ரெண்டாம் ஆள். சுடுவது முதல் ஆள். 47 தோட்டா பிடிக்கும் வட்டத் தட்டுகளை மாற்றுவதும், உதிரிப் பாகப் பையைச் சுமப்பதும், துப்பாக்கி சிக்கிக்கொண்டால் சரிசெய்வதும் இவர் வேலை. பிளம்பருக்குத் தோதான உத்தியோகம்தான் போ. இந்த ஐவருக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது: முடிந்தவரை யாரையும் கொல்லக்கூடாது, காலைப் பார்த்துச் சுடுவது. மேலதிகாரிக்குத் தெரியாமல், சட்டத்துக்கும் கட்டுப்பட்டு, மனசாட்சிக்கும் ஓரளவு கட்டுப்பட்டு. இதைவிட வேறென்ன செய்துவிட முடியும் அந்த வயதில்? சேரமாட்டேன் என்று மறுத்து நின்றவர்களும் இருந்தார்கள். அவர்களில் பலருக்குச் சிறை.

1917 ஜூலை 31-இல் தொடங்கியது மூன்றாம் ஈப்ர சண்டை. பாஷண்டேல் என்பார்களே, அதுதான். தாக்குதலுக்கு முன்னால் பிரிட்டிஷ் பீரங்கிகள் போட்ட குண்டு மட்டும் 40 லட்சத்துக்கு மேல். அந்த மண் களிமண், ராமநாதா. தண்ணீர் வடிவதற்கு விவசாயிகள் காலங்காலமாக வெட்டிவைத்த வடிகாலையெல்லாம் குண்டு போட்டு நாசமாக்கிவிட்டார்கள். அதன்மேல் ஆகஸ்ட் முழுக்கக் கொட்டிய மழை. எதிரி தலையில் போட்டது தங்கள் காலைப் பிடித்துக்கொண்டது. இந்த யோசனையைச் செய்த தளபதிகள் ஒரு நாளாவது அந்தச் சேற்றில் இறங்கியிருந்தால் என்று எனக்குக் கோபம் வந்தது.

ஆகஸ்ட் 16 விடிகாலையில் இவர்கள் ஸ்டீன்பேக் ஓடையைக் கடந்து லாங்கமார்க் கிராமத்தைத் தாக்கினார்கள். அந்த ஓடையைப் பார்த்தேன். நம் ஊர் வயல் வாய்க்கால் மாதிரிதான். நாம் பள்ளிக்கூடம் போகிறபோது ஒரே தாண்டாகத் தாண்டியிருப்போம். அதைக் கடந்து போகையில் ஒரு சிப்பாய், தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்து கிடக்கிறான். என்னைச் சுட்டுவிடு என்று பேட்சைக் கெஞ்சுகிறான். இவர் ரிவால்வரை எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. போகும்போது அவன் சொன்ன வார்த்தை 'அம்மா'. அது வலியில் வந்த கூப்பாடு இல்லை, யாரையோ எதிரே கண்ட சந்தோஷம் மாதிரி இருந்தது என்று பின்னாளில் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஜெர்மன்காரன் துப்பாக்கி முனையில் பயனெட் கத்தியோடு இவரை நோக்கி ஓடிவருகிறான். தோளில் சுட்டார், துப்பாக்கியைப் போட்டுவிட்டும் ஓடிவந்தான். நெஞ்சில் சுட்டிருக்கலாம். கணுக்காலுக்கு மேலும் முழங்காலுக்கு மேலும் சுட்டுக் கீழே விழவைத்தார். அந்த மனுஷனும் பிழைத்து, பெண்டாட்டி பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்திருப்பான் என்று நம்பிக்கொண்டே இருந்தாராம்.

செப்டம்பர் 22 ராத்திரி குழுவின் தலைக்குமேல் ஒரு குண்டு வெடித்தது. மூன்று பேர் போனார்கள். புதைப்பதற்குக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. பேட்சுக்கு அடிவயிற்றில் சிதறல். மயக்கமருந்து தீர்ந்துபோய், நாலு பேர் கை காலைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் அதை வெட்டி எடுத்தார். கப்பலேறி ஊர் வந்து குணமாகிக்கொண்டிருக்கும்போதே போர் முடிந்தது. அப்புறம் பழையபடி குழாய் வேலை, கல்யாணம், ரெண்டு பையன்கள். அடுத்த உலகப்போரில் பாத் நகரத்தில் குண்டு விழுந்தபோது தீயணைப்புப் படையில் இருந்தார்.

என்னை உலுக்கியது இதற்கப்புறம்தான். கிட்டத்தட்ட 80 வருஷம் இதில் ஒரு வார்த்தை அவர் யாரிடமும் பேசவில்லை. கட்டிய மனைவியிடம்கூட இல்லை. அந்த அம்மாள் 1976-இல் அது தெரியாமலே போய்விட்டார். 1998-இல், நூறு வயதில், பிபிசிக்காரர்கள் வந்து கேட்டபோதுதான் வாய் திறந்தார். முதியோர் இல்லத்தில் அவர் அறைக்கு எதிரே துணிமணி வைக்கும் அறை. ராத்திரியில் யாராவது அங்கே விளக்கைப் போட்டால் குண்டு வெடித்த வெளிச்சமாகத் தெரியுமாம். சண்டையில் இருந்தது சில மாதங்கள்தான், பார்த்துக்கொள். என்னைக் கேட்டால், கட்டாயச் சேவையின் நிஜக் காலம் அந்த 80 வருஷம்தான். அதற்கு எந்த அரசாங்கம் விடுவிப்புச் சீட்டு கொடுக்கும்?

2004-இல் சார்ல்ஸ் குயென்ட்ஸ் என்பவரை பெல்ஜியத்தில் சந்தித்தார். அவரும் பாஷண்டேலில் எதிர்ப்பக்கம் நின்றவர், 107 வயது. அல்சாஸ்காரர், அன்று அது ஜெர்மனி, போருக்குப் பின் பிரான்ஸ். அந்த மண்ணின் பாவம், அடுத்த போரிலும் ஹிட்லர் அங்கிருந்து சுமார் ஒரு லட்சம் பேரைக் கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனான். பேட்ச் குயென்ட்ஸுக்கு சாமர்செட் ஆப்பிள் மது ஒரு பாட்டில் கொடுத்தார். அவர் இவருக்கு ஒரு டப்பா பிஸ்கட். நான் சொன்ன கல்லை பேட்ச் 2008-இல் ஓடைக் கரையில் தன் செலவில் வைத்தார். மறு வருஷம் ஜூலை 25-இல், 111 வயதில் காலமானார். இறுதிச் சடங்குக்கு எந்த ஆயுதமும் வரக்கூடாது என்று ஏற்பாடு. பிரெஞ்சு, பெல்ஜிய, ஜெர்மன் சிப்பாய்களும் வெறுங்கையோடு கூட நடந்தார்கள்.

பேரன் முகாமிலிருந்து வரும்போதெல்லாம் பிரியாணி போட்டால் மட்டும் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடு. உன் மகனிடம் நீ கொடுக்கவே இல்லை, எனக்குத் தெரியும்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, என் முழங்கால் மறுபடி மக்கர் செய்கிறது. தீபாவளிக்கு முன் கும்பகோணம் திரும்பிவிடுவேன். கோயில் தெரு மனை விஷயமாக உன் தம்பி கையெழுத்து கேட்கிறான். என்ன ஏது என்று போனில் சொல். தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்லு.

அன்புடன்,
வைத்தி