ஞாயிற்றுக்கிழமை துவைத்த துணி

அன்புள்ள எல்லோருக்கும்,

தம்பி நேற்று சுவரைப் பிடிக்காமல் பத்தடி நடந்தான். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் தம்பி அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போன அந்தச் சனிக்கிழமையைப் பற்றி மறுபடி எழுதப்போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அன்று விடிய விடிய என்னோடு போனில் விழித்திருந்தவர்கள்தானே.

ஹெலிகாப்டரில் இறங்கிய கடலோரக் காவலர்கள், தீவின் பெரிய ஊரான ஸ்டோர்னோவேயின் ஆஸ்பத்திரி நர்ஸ்கள், கூடுதலாகத் தங்கிய நாட்களுக்குக் காசே வாங்காத விடுதிக்காரர், கிளாஸ்கோவிலிருந்து கார் ஓட்டிவந்து உல்லாப்பூல் துறைமுகத்தில் காத்திருந்த நண்பர்கள், அம்மாவிடம் பக்குவமாக விஷயத்தைச் சொன்ன சித்தி என்று எல்லோருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதுவேன். இன்று ஒருவருக்கு மட்டும்.

நாங்கள் தங்கியது லூயிஸ் தீவின் வடமுனையில், நெஸ் பக்கத்துச் சிற்றூர். (ஸ்கை தீவில் கூட்டம் நெரியும், இங்கே போகலாம் என்று அடம்பிடித்தது நான்தான். அந்தக் குற்ற உணர்ச்சி தனி.) அங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமைதான், வேலை செய்யக் கூடாத கிறிஸ்தவ ஓய்வுநாள். 2009 வரை ஸ்டோர்னோவேயிலிருந்து ஞாயிறன்று பயணிகள் கப்பலே கிடையாது. பழைய குடும்பங்களில் அன்று கொடியில் துணி காயாது. தறியும் ஓடாது. அங்கே நெய்கிற கம்பளித் துணிக்கு ஹாரிஸ் ட்வீட் என்ற பெயர் வேண்டுமானால் தீவுக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்ய வேண்டும் என்று 1993இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் கொல்லையில் ஒரு தறிக்கொட்டகை உண்டு.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிறு காலை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினேன். மாற்றுத்துணிப் பையும் கையில் இல்லை. சேறும் ரத்தமும் ஊறிய தம்பியின் துணியை வாளியில் போட்டுக்கொண்டு பின்படியில் உட்கார்ந்திருந்தேன். துவைக்கத் தைரியமில்லை, அப்படியே வைத்திருக்கவும் மனமில்லை. கறுப்புக் கோட்டும் தொப்பியுமாகத் தேவாலயத்திலிருந்து வந்த பாட்டி, என்னை ஒருமுறை பார்த்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

பின்னாலேயே ஓடி, "இன்றைக்கு வேண்டாம்" என்றேன்.

"தேவைக்கும் இரக்கத்துக்கும் ஆன வேலை என்றால் செய்யலாம்" என்றார். சின்ன வயதில் மனப்பாடம் செய்த வேத வினாவிடையில் அப்படித்தான் இருக்கிறதாம். கோட்டைக் கழற்றியவர் தொப்பியை மறந்துவிட்டார். தொப்பியோடே கசக்கிப் பிழிந்தார். வெளிக்கொடிப் பக்கம் போகவில்லை. அடுப்புக்கு மேலே, கயிற்றில் ஏற்றி இறக்குகிற மரச்சட்டத்தில் உலர்த்தினார். அடுப்பில் எரிந்தது பீட். சதுப்பில் செங்கல் செங்கல்லாக வெட்டிக் கோடைக் காற்றில் காயவைக்கிற கரிய மண்.

ஸ்வெட்டரின் முழங்கை கிழிந்திருந்தது. தடவிப் பார்த்து, "அது நாளைக்கு" என்றார். தையல் இரக்கக் கணக்கில் சேராது போல!

திங்கள் காலை தறிச் சத்தத்தில்தான் கண் விழித்தேன். மதியம் ஸ்வெட்டர் வந்தது, முழங்கையில் சாம்பல்பச்சை ட்வீட் ஒட்டுடன். பேன்ட் பையில் நைந்து கிடந்த கப்பல் டிக்கெட்டையும் விரித்து, உலர்த்தி, நீவிக் கொடுத்தார். பணத்தை நீட்டினேன், ஏதோ கெட்ட வார்த்தை பேசியது போல் பார்த்தார்.

எனக்காகப் பாட்டி ஓய்வுநாளை மீறினார் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தம்பிதான் திருத்தினான்: "எங்க மீறினாங்க, அக்கா? கொடியில போடல, ஊசியத் தொடல." யோசித்துப் பார்த்தால், அந்த ஒரு வாளித் துணிக்கு எவ்வளவு அனுமதி உண்டோ, நூல் பிசகாமல் அவ்வளவையும் எனக்குக் கொடுத்திருக்கிறார்.

பாட்டி, பெயரைப் போடாதே என்றீர்கள், போடவில்லை. யாரையாவது வைத்து இதை உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்கிறேன். தாப்பா லேவ், உங்கள் கேலிக் மொழியில் நன்றி. பீட் வெட்ட இரண்டு பேர் வேண்டும், ஒருவர் வெட்ட, ஒருவர் வாங்கிப் பரப்ப என்றீர்களே. வருகிற மே மாதம் வாங்கிப் பரப்ப நாங்கள் வருகிறோம். டாக்டர் விட்டால் தம்பி, இல்லையென்றால் நான்.

எங்கள் துணியைச் சனிக்கிழமை இருட்டுவதற்குள் நாங்களே துவைத்து எடுத்துவிடுவோம்.