ஸ்பீக்கரை மாற்றாதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. பேரன் பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே குறுவை அறுப்பு முடிந்து நெல் கொள்முதல் நிலைய வாசலில் கிடக்கிறது. அதை எழுதினால் கோபம்தான் வரும், விடு.

உங்கள் குடியிருப்பின் புது மண்டபத்தில் யார் பேசினாலும் புரியவில்லை, ஸ்பீக்கரை மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். காலமெல்லாம் மைக் செட் கட்டியவன் சொல்கிறேன், மாற்றாதே. கோளாறு கட்டடத்தில்தான். கீழே டைல்ஸ், பக்கத்தில் கண்ணாடி, மேலே தகரம். ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன் மேல் ஏறிக்கொள்கிறது. சத்தத்தைக் கூட்டினால் குழப்பமும் சேர்ந்தே கூடும். மண்டபம் காலியாக இருக்கும்போது ஒருமுறை கைதட்டிப் பார், இழுத்துக்கொண்டே போகும். கூட்டம் நிரம்பினால் கொஞ்சம் அடங்கும், ஏனென்றால் துணியும் உடம்பும் ஒலியை உறிஞ்சும். 1895 வாக்கில் ஹார்வர்டில் சபைன் என்ற பேராசிரியருக்கும் இதே தலைவலி. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து போட்டு, ஒலி அடங்க எத்தனை விநாடி என்று அளந்திருக்கிறார். நம்மூர் கான்ட்ராக்டர்கள் யாராவது ஒரு மெத்தையையாவது தூக்கியிருப்பார்களா?

திருவையாறு ஐயாறப்பர் கோயில் பிரகாரத்தில் 'ஐயாறா' என்று கத்துவோமே, ஏழு முறை திரும்பக் கேட்கும் என்பார்கள். (என் காதுக்கு அத்தனை கேட்டதில்லை.) ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. சுவர் 17 மீட்டராவது தள்ளி இருந்தால்தான் எதிரொலி தனியாகக் காதில் விழும். உங்கள் மண்டபத்தில் சுவர்கள் கிட்ட இருப்பதால் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடுகிறது.

போன மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். ஏசி மண்டபம். நாதஸ்வரக்காரர் மூக்குக்கு நேராக மைக், தவிலுக்குப் பக்கத்தில் இன்னொன்று. கெட்டிமேளம் முழங்கியதும் முன்வரிசைப் பாட்டி ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்கே போய்விட்டார். நாலு வீதிப் புறப்பாட்டில் ஊருக்கே கேட்கப் பிறந்த வாத்தியம் அது. நாதஸ்வர மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை, பாரி என்கிற நீளமான நாதஸ்வரத்தை எடுத்து வாசித்ததால் சுருதி இறங்கியது, கச்சேரிக்கு உட்கார்ந்து கேட்க இதமானது. அதற்கு அப்புறமும் மைக் எதற்கு? வைப்பதே அபசாரம் என்பது என் கட்சி.

சரி, உன் மண்டபத்துக்கு வருகிறேன். பின்சுவர் முழுக்க கனமான திரைச்சீலையை மடிப்பு மடிப்பாக, சுவரை ஒட்டாமல் சற்றுத் தள்ளித் தொங்கவிடுங்கள். தகரத்துக்குக் கீழே ஒலி உறிஞ்சும் பலகையில் சீலிங் போடுங்கள். மேடையோரத்துப் பெரிய பாக்ஸ்களைக் குறைத்து, ஜனங்களுக்குப் பக்கத்திலேயே சின்ன பாக்ஸ்களை மெதுவான சத்தத்தில் வையுங்கள். ஒலியை அடக்க முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டச் சொல்பவன் வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு.

மண்டபத்தின் நீள அகல உயரமும் இரண்டு போட்டோவும் அனுப்பு, பார்த்துவிட்டு எழுதுகிறேன். தியாகராஜர் ஆராதனைக்கு இந்த வருஷமாவது வந்து சேர். டிக்கெட்டை முன்னாடியே போட்டுவிடு, அந்த வாரம் கிடைக்காது.

உன்
மைக் செட்டுக்காரன்