ஜூன் வருகிறது, கண்ணு

கண்ணு,

பிளஸ் ஒன் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டச் சொல்லி, நீ இரண்டு வருஷம் ஹாஸ்டலில் தங்கிப் படித்த அந்தத் தனியார் பள்ளியிலிருந்து போன் வந்த மறுநாள், காலை நாலே முக்காலுக்குத் தண்ணி குடிக்க எழுந்தேன். பாத்ரூம் கதவுக்கு வெளியே கையில் வாளியும் தோளில் துண்டுமாக நீ நின்றுகொண்டிருந்தாய். உள்ளே யாரும் இல்லை, லைட்டுகூட எரியவில்லை. நாம் மூன்றே பேர் இருக்கிற வீட்டில் நீ வரிசையில் நின்றாய். நான் சத்தம் போடாமல் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இனி உன்னை அங்கே அனுப்புவதில்லை என்று விடிவதற்குள் முடிவு பண்ணிவிட்டேன். அம்மாவிடம் வாளியைப் பற்றிச் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவளுக்கும் தெரியும்.

பள்ளிக்கூடத்தின் பெயரையோ, கட்டின பீஸையோ இங்கே எழுதப் போவதில்லை. பெரியப்பா படிப்பார். ஆடி மாசம் நடந்ததும் நம் மூவரோடு இருக்கட்டும்.

எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வருவது அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. உன்னைச் சேர்த்து ஒன்றரை மாசம் கழித்துத்தான் பார்க்க விட்டார்கள். வேப்பமரத்தடியில் ஜமக்காளம் விரித்து, அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் விட்டு அம்மா உன் முன்னால் வைத்தாள். வீட்டில் ஒரு வாய்க்கு நாலு கதை சொல்கிறவன், அன்றைக்குத் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்து, தட்டை நீயே கழுவிக்கொண்டு வந்தாய். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் பெட்டிச் சாவி. மணி அடித்ததும் எழுந்து நின்று, "போய்ட்டு வாங்கப்பா" என்றாய்.

வாங்க.

பேச்சு வந்த நாளிலிருந்து என்னை வா, போ என்று பேசினவன் நீ. அம்மாயி எத்தனை தடவை அதட்டியிருப்பாள்! நான்தான் 'பேசட்டும் விடுங்க' என்பேன். அன்றைக்கு வண்டியில் பின்னால் உட்கார்ந்து உன் அம்மா அழுதுகொண்டே வந்தாள். எனக்கோ பெருமை, கண்ணு. பையன் மரியாதை கற்றுக்கொண்டான் என்று சொந்தக்காரர்கள் வீட்டிலெல்லாம் போய்ச் சொன்னேன். இப்போது ஒன்றரை மாசமாக வீட்டில்தான் இருக்கிறாய், அந்த 'ங்க' மட்டும் போகவே இல்லை. வார்டனுக்குப் பதில் சொல்வது மாதிரியே எனக்கும் சொல்கிறாய்.

பத்தாவதோடு விசைத்தறிக்குப் போனவன் நான். அந்தச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. உனக்கு அது வேண்டாம் என்று நினைத்ததை நான் இப்போதும் தப்பென்று சொல்ல மாட்டேன். ஒன்பதாவதிலேயே பத்தாவது பாடத்தை நடத்துகிறார்கள் என்றபோது, ஒரு வருஷம் முந்திக்கொள்வான் என்று சந்தோஷப்பட்டேன். பிளஸ் ஒன் பாடத்தை ஓரம்கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடமே நடத்துகிறார்கள் என்றுதான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அதையும் எடுத்துவிட்டார்கள். இனி அங்கே எப்படி ஓட்டுவார்கள் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டியது வேறு ஒன்றுக்கு. எட்டாவது முடித்து டிசி வாங்கப் போன அன்றைக்கு உன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: ஆறிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில் படித்தால்தான் 7.5 சதவீத ஒதுக்கீடு, யோசித்துச் செய்யுங்கள் என்று. நான் தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். டாக்டர் படிப்புக்கு மட்டுமென்று நினைத்திருந்தேன். 2021-லேயே இன்ஜினியரிங், விவசாயம், சட்டம் எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டுவிட்டார்கள். கல்லூரிக்குப் போனால் மாசம் 1000 ரூபாய் தருகிற தமிழ்ப் புதல்வனுக்கும் அதே ஆறிலிருந்து பன்னிரண்டுதான் கணக்கு. நடுவில் இரண்டு வருஷத்தை நான் பிடுங்கிக்கொண்டேன். இனி நீ அரசுப் பள்ளியிலேயே முடித்தாலும் அது திரும்பி வராது.

ஆனால் நீ ஏன்டா சொல்லவில்லை? வாரம் ஒரு போன், ஒவ்வொரு தடவையும் "நல்லா இருக்கேங்க". அம்மாயியிடம் மட்டும் அழுதாயாமே. நான் உன்னை என்றைக்காவது அடித்திருக்கிறேனா? கடன் வாங்கிக் கட்டினவனிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லையா? போன வாரம் சாவகாசமாக வந்து, "எனக்கு பயாலஜி வேண்டாங்க, காமர்ஸ் எடுக்கறேன்" என்கிறாய். அதை அன்றைக்கே சொல்லியிருந்தால்! எழுதும்போதே கோபம் வருகிறது. போன் பேசும்போது வார்டன் பக்கத்திலேயே நிற்பார் என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம். நானும் ஒரு தடவையாவது இரண்டாவது கேள்வி கேட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை நம்மூர் மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறோம். டிசி, மார்க் ஷீட், ஆதார் எல்லாம் மஞ்சப்பையில் எடுத்து வைத்துவிட்டேன். காமர்ஸ்தான் கேட்கப் போகிறேன். பிளஸ் ஒன்னுக்கு சைக்கிள் கொடுப்பார்கள், அது வருகிற வரைக்கும் நான் கொண்டுவந்து விடுகிறேன். கூச்சமாக இருந்தால் தெருமுனையிலேயே இறக்கிவிடுகிறேன்.

போட்டோ மட்டும் எடுக்கணும். முடி வெட்ட வேண்டாம். ஒட்ட வெட்டின தலை இப்போதுதான் காது மேல் விழ ஆரம்பித்திருக்கிறது. போட்டோவில் அது அப்படியே இருக்கட்டும்.

அப்பா